சுதாகரன் பிரிண்டர் பூட்டப் போன கதை

சரவணையில் சுதாகரன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சுதாகரன் என்று திருப்பிக் கேட்பார்கள். அடிகாரச் சுதாகரன் என்று சொன்னால் படலைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போவார்கள். அந்தப் பெயரை அவன் சும்மா வாங்கவில்லை. அதற்காக ஊரில் பலருடைய பல்லும் மூக்கும் விலா எலும்பும் போயிருக்கின்றன.

அடி அவனுக்கு முதுசமாக வந்த சொத்து. தகப்பன் பரராசசிங்கம் கிளுவங்கம்பு வெட்டி, நெருப்பில் வாட்டி, முறியாத பதத்தில் வைத்திருந்து அடித்தவர். அடியாத மாடு பணியாது என்பதுதான் அவர் காலையும் மாலையும் ஓதிய தேவாரம். மாடு பணிந்ததோ என்னவோ, மகன் பணியவில்லை. உடம்பில் வலு வந்ததும் ஒருநாள் அந்தக் கம்பைப் பறித்து, வாங்கியதையெல்லாம் தகப்பனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பரராசசிங்கம் மகனோடு பேசுவதென்றால் ஒரு கதிரையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசுவார்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற சொல்லைச் சுதாகரன் அப்படியே விழுங்கிக்கொண்டான். மிதிபலகையில் நிற்காதே என்று சொன்ன கொண்டக்டரைப் பண்ணைப் பாலத்தில் ஓடுகிற பஸ்சுக்குள் வைத்து அடித்து முன்பல்லை எடுத்தான். குறிகட்டுவான் துறையில் வரிசையை முந்திய ஒருவருடைய தலையைப் படகின் விளிம்போடு மோதினான். அந்த மனிதர் நயினாதீவுக்கு நேர்த்தி வைக்க வந்தவர், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். தன்னுடைய கலியாணப் பந்தலிலேயே, சோறு காணாது என்று முணுமுணுத்த சொந்தக்காரர் ஒருவரை மாலையும் கழுத்துமாக எழும்பிப் போய் உதைத்தான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அன்று பந்தலில் ஒரு பெரியவர் சமாதானம் சொன்னாராம். இந்த வசனத்தைக் கண்டுபிடித்தவன் தன் வாழ்நாளில் ஓர் அடியும் வாங்காதவனாக இருக்க வேண்டும்.

மனைவி நிலாந்திக்கும் விழுந்தது. முதல்முறை கறியில் உப்பு இல்லை என்று. இரண்டாம்முறை எதற்கு என்று அவனுக்கே நினைவில்லை, ஆனால் அந்த அடியோடு அவளுக்கு இடது காது கேளாமற் போனது. சின்ன மகள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் நிலாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரம்பொனில் இருந்த தன் அண்ணன் தயாபரனிடம் போய்விட்டாள்.

சுதாகரன் பின்னாலேயே போனான். தயாபரன் புகையிலைத் தோட்டக்காரர், ஒல்லி மனிதர், யாரோடும் வாய்த்தர்க்கத்துக்குக்கூடப் போகாதவர். படலையை மறித்துக்கொண்டு நின்று, அடிக்கிறதென்றால் என்னை அடியும், அவள் வரமாட்டாள் என்றார். சுதாகரன் அடித்தான். அவர் விழுந்தார், எழும்பி மறுபடி படலையில் நின்றார். மறுபடி அடித்தான், மறுபடி எழும்பி நின்றார். திருப்பி ஓர் அடி அடித்திருந்தால் சுதாகரனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அந்த மனிதர் சும்மா சும்மா எழும்பி நின்றதுதான் அவனை முறித்துப் போட்டது. கடைசியில் ஒழுங்கையில் குந்திக்கொண்டு குலுங்கி அழுதான். தயாபரன் கிழிந்த உதட்டோடு உள்ளே போய், அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

தங்கைக்கும் அவனுக்கும் நடுவில் நின்று பேசித் தீர்த்ததும் அவர்தான். நிலாந்தி கேட்டது ஒன்றே ஒன்று. இனி யாரையும் அடிக்கக்கூடாது, அடித்தால் பிள்ளையோடு போய்விடுவேன், பிறகு எந்தச் சமாதானத்துக்கும் வரமாட்டேன் என்றாள். நயினாதீவு அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவாயிற்று. அணைத்த கற்பூரச் சத்தியத்தை மீறியவன் உருப்பட்டதாகத் தீவுப் பகுதியில் கதை இல்லை.

சுதாகரன் எதிலும் அளவு தெரியாத மனிதன். அடிப்பதிலும் அப்படி, திருந்துவதிலும் அப்படி. நிலாந்தி கேட்டதைச் சொல்லிவிட்டு அணைத்திருந்தால் போதும். அவனோ, யாரையும் அடிக்கமாட்டேன், யாருடைய சண்டையென்றாலும் அதற்குள் கால் வைக்கமாட்டேன், நடுவில் புகுந்து விலக்குப் பிடிக்கவும் போகமாட்டேன் என்று தன்பாட்டில் நீட்டிக்கொண்டு போய், உள்ளங்கையைக் கற்பூரத்தில் அமர்த்தினான். கை வெந்து மணத்தது. நிலாந்தி அழுதாள். அவன் கடைசியாகச் சேர்த்துச் சொன்னதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்டைதீவுச் சந்தியில் மீன் வாங்கும்போது, பழைய அடியை மறக்காத ஒருவன் மகளுக்கு முன்னாலேயே அவன் முகத்தில் துப்பினான். சுதாகரன் துடைத்துவிட்டு மீன் பையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு நடந்தான். வேலணையில் இரண்டு பேர் கத்தி எடுத்தபோது சைக்கிளைத் திருப்பி வேறு ஒழுங்கையால் போனான். கை ஊறும், நரம்பு துடிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவான். அடிகாரனுக்குப் பயம் வந்துவிட்டது என்று ஊர் சிரித்தது. அது உண்மைதான். மகளும் மனைவியும் இல்லாத வீட்டுக்கு அவன் உண்மையாகவே பயந்தான்.

தொழிலையும் தயாபரன்தான் பிடித்துக் கொடுத்தார். பட்டணத்தில் கமெராவும் கேபிளும் பூட்டுகிற ஒருவரிடம் சேர்த்துவிட்டார். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நிறம் நிறமாக எட்டுக் கம்பிகள் இருக்கும். அவற்றை ஒழுங்கு பிசகாமல் அடுக்கி, கேபிள் முனைக்குப் போடுகிற சின்னப் பிளாஸ்டிக் தலைக்குள் செருகி நெரிக்க வேண்டும். எலும்பு முறித்த விரல்கள் அந்த வேலையை ஆச்சரியமாக நன்றாகச் செய்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வெறும் வீடுகளை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுகிற காலம் என்பதால் தீவு முழுக்க அவனுக்கு வேலை இருந்தது.

இப்போது அந்தக் கரம்பொன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகைக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய பெரிய வீடு. சுவரின் தடிப்பில் ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம். வீட்டுக்குச் சொந்தக்காரர் அதை நடுவால் பிரித்துத் தன் இரண்டு மகள்மாருக்கும் பாதி பாதியாகச் சீதனம் எழுதிவிட்டார். கிழக்குப் பாதி மூத்தவள் நாகபூசணிக்கு, மேற்குப் பாதி இளையவள் றஞ்சனிக்கு. றஞ்சனியின் கணவர்தான் தயாபரன். நாகபூசணியின் கணவர் குலசிங்கம், தென்னிலங்கையில் கடை வைத்திருந்து, மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்ற மனிதர்.

வீட்டின் உறுதிப்பத்திரத்தில் இருப்பது பெண்களின் பெயர். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிப்பவர்கள். சண்டை பிடித்தது சீதனத்தோடு வந்து குடியிருந்த சகலன்மார்தான். றஞ்சனி குடும்பம் யுத்தத்தில் வன்னிக்குள் அகப்பட்டிருந்த காலத்தில், பாழ் விழுந்து கிடந்த வீட்டின் கூரையைக் குலசிங்கம் இரண்டு பாதிக்குமாகச் சேர்த்து வேய்ந்தார். அன்றிலிருந்து மேற்குப் பாதியும் தனக்குத்தான் என்று அவருக்கு மனதில் ஊறிவிட்டது. தயாபரன் உயிரோடு திரும்பி வந்து அந்தக் கூரையின்கீழ்ப் படுத்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை. பல வருடங்களாக இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பேச்சில்லை.

சுவிசில் இருக்கும் சகோதரன் இரண்டு தங்கைமாருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் அனுப்பினான். ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பெரிய சாமான், கப்பலில் வந்தது. வயர் செருகினால்தான் வேலை செய்யும். றஞ்சனி பள்ளிக்கூட ரீச்சர், சோதனைத் தாள் அடிக்க வேண்டும். நாகபூசணியின் மகள் இந்துஜா உயர்தரம் படிக்கிறாள், அவளுக்குப் பழைய வினாத்தாள்கள் வேண்டும். குலசிங்கம் அந்தச் சாமானைத் தன் பாதிக்குள் விடமாட்டேன் என்று சொன்னதால் பிரிண்டர் றஞ்சனியின் அறைக்கு வந்தது. இன்ரநெற் பெட்டியோ நாகபூசணியின் விறாந்தையில் இருந்தது. நடுவில் அந்தச் சுவர்.

நிலாந்திதான் கணவனை அனுப்பினாள். அண்ணா வீட்டு வேலை, காசு கேட்காமல் செய்துகொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். வெளிச்சுவரைச் சுற்றி வயர் இழுக்கலாமே என்று சுதாகரன் கேட்டுப் பார்த்தான். கண்ணில் பட்டால் குலசிங்கம் அறுத்துவிடுவார் என்றாள் றஞ்சனி. அலுமாரிக்குப் பின்னால் சுவரைத் துளைத்து விட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று சகோதரிகள் இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். குலசிங்கம் கண் கிளினிக்குக்குப் பட்டணம் போகிற நாளையும் அவர்களே தெரிந்தெடுத்திருந்தார்கள்.

பொதுச் சுவரில் ஓர் ஆணி அறைந்தாலே அந்தச் சுவருக்கு உரிமை கோருவதாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறுகிற ஊர் அது. சுதாகரனுக்கும் அது தெரியும். குலசிங்கம் அண்ணைக்குச் சொல்லவில்லையா என்று நாகபூசணியிடம் கேட்டான்.

"இது என்ரை வீடு, என்ரை சுவர்," என்றாள் நாகபூசணி. "நான் ஆரிட்டைக் கேக்கோணும்?"

நியாயமான கேள்விதான். சுவரின் பாதித் தூரம்வரைதான் துளைபோடும் மெசினின் அலகு போனது. மேற்கிலிருந்து பாதி, கிழக்கிலிருந்து பாதி என்று துளைத்து, இரண்டையும் நடுவில் சந்திக்க வைத்தான். மா மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு கொட்டியது. கேபிளை விட்டு இரண்டு முனையிலும் தலை நெரித்தான். கிழக்கு முனையை இன்ரநெற் பெட்டியில் செருகினான். மேற்கில் ஒரு சின்னப் பிரிப்புப் பெட்டி வைத்து, அதிலிருந்து ஒரு வயரைப் பிரிண்டருக்கும் ஒன்றை றஞ்சனியின் கம்பியூட்டருக்கும் கொடுத்தான். பிரிண்டருக்கும் வீட்டிலக்கம் மாதிரி ஓர் இலக்கம் உண்டு. அது மாறிக்கொண்டிருந்தால் கம்பியூட்டர் வீடு தெரியாமல் அலையும். அதனால் ஓர் இலக்கத்தை மாறாதபடி பதிந்து வைத்தான். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இந்துஜாவிடம், அடித்துப் பார் என்று சத்தம் போட்டான். பிரிண்டர் முனகிவிட்டு ஒவ்வொரு தாளாகத் துப்பத் தொடங்கியது. சுவருக்கு அப்பால் அந்தப் பிள்ளை சிரித்தது இங்கே கேட்டது.

கிளினிக்கில் அன்று டொக்டர் வரவில்லை. குலசிங்கம் போன வேகத்தில் திரும்பி வந்து, தன் பாதியில் அலுமாரிக்குக் கீழே வெள்ளைத் தூளைக் கண்டார். நாகபூசணி மறித்தாள். அவளைத் தள்ளிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு, செருப்புக் காலோடு மேற்குப் பாதிக்குள் வந்தார். கேபிளைக் கையில் சுற்றி ஒரே இழுவை. பிரிண்டர் மேசையோடு சரிந்து நிலத்தில் மோதியது. றஞ்சனி குறுக்கே போனாள். அவளுடைய கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் அடித்தார். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

தயாபரன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஈரத்தோடு ஓடி வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். படலையில் அடி வாங்கி வாங்கி எழும்பி நின்ற அதே மனிதர், வாழ்க்கையில் முதல்தடவையாக இன்னொருவருடைய கழுத்தைப் பிடித்தார். பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். இரண்டு பேரும் பிரிண்டருக்கு மேலே விழுந்து, அதன் கண்ணாடி நொறுங்கி, நிலத்தில் உருண்டார்கள். குலசிங்கம் மேலே வந்து நெஞ்சில் முழங்காலை ஊன்றி முகத்தில் குத்தினார். மூக்கெலும்பு உடைந்த சத்தம் சுதாகரனுக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானது.

மூலையில் சாமான் பையோடு குந்தியிருந்த சுதாகரன் எழும்பினான். எழும்பி, பின்பக்கமாக நடந்து, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டான். உடம்பு முழுவதும் அந்தச் சண்டைக்குள் பாயத் துடித்தது. குலசிங்கத்தின் தலைமயிரைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தால் போதும், அது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் மகளின் முகம் வந்தது, கற்பூரம் வந்தது, வெறும் வீடு வந்தது. ஒரு கால் அசைந்தாலும் எல்லாம் போய்விடும் என்று அந்த மடையன் நம்பினான்.

"பிடியும் சுதாகரன்," என்று றஞ்சனி கெஞ்சினாள். "ஐயோ, பிடியும்."

அவன் பிடிக்கவில்லை. சண்டை பழகியவனுக்கு ஒரு கை எங்கே போகப் போகிறது என்பது அந்தக் கைக்காரனுக்கு முன்பே தெரிந்துவிடும். குலசிங்கத்தின் வலது கை நிலத்தைத் தடவிக்கொண்டு போனது. அது போகிற வழியில் தன்னுடைய சாமான் பை வாய் திறந்து கிடந்ததையும், பையின் வாயில் சுத்தியல் கிடந்ததையும் சுதாகரன் கண்டான். காலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பை கட்டிலுக்குக் கீழே போயிருக்கும். அதுவும் சண்டைக்குள் கால் வைப்பதாகுமா என்று அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை சுத்தியலைக் கண்டுபிடித்துவிட்டது.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. தயாபரனின் கால்கள் விறைத்து உதறின. அடுத்த அடியில் உதறலும் நின்றது. குலசிங்கம் அதற்குப் பிறகும் அடித்தார். றஞ்சனி அவர் முதுகில் விழுந்து கடித்தாள், நகத்தால் கிழித்தாள், அவருக்கு அது உறைக்கவில்லை. கை சோர்ந்த பிறகுதான் விட்டார். எழும்பிப் போய்க் கதிரையில் இருந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். நிலத்தில் சிதறிக் கிடந்த வினாத்தாள்கள் ஒவ்வொன்றாக நனைந்தன.

அப்போதுதான் சுதாகரன் சுவரை விட்டு வந்தான். சண்டை முடிந்துவிட்டது, இனிப் போகலாம் என்பது அவன் கணக்கு. மச்சானைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடி, போன வான் ஒன்றை மறித்தான். வழி நெடுகத் தலையைத் தன் மடியில் வைத்துச் சாறத்தால் அமத்திப் பிடித்திருந்தான். சாறம் ஊறி அவன் தொடை நனைந்தது. மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பாலத்தில் ஏறியபோது தயாபரன் ஒரு பெரிய மூச்சு எடுத்தார். அது வெளியே வரவில்லை.

நிலாந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது றஞ்சனிக்கு நெற்றியில் தையல் போட்டு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். நடந்ததை அவள் வாயாலேயே நிலாந்தி கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, உறைந்த இரத்தத்தோடு தூணடியில் நின்ற கணவனிடம் வந்தாள். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். சுவரோடு நின்றேன் என்றான். சுத்தியலைக் கண்டீர்களா என்று கேட்டாள். கண்டேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அந்தப் பழக்கம் அவனுக்கு இருந்ததில்லை.

"அம்மனாணை, நான் சத்தியத்தை மீறேல்லை நிலாந்தி," என்றான். "உம்மையும் பிள்ளையையும் நினைச்சுத்தான் நிண்டனான். ஒரு கை வைக்கேல்லை."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது. பிள்ளை வாய்ப்பாடு பிழையில்லாமல் ஒப்புவித்துவிட்டு ரீச்சரின் முகத்தைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு உடனே விளங்கியிருக்கும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நீங்கள் என்று மட்டுமே அழைத்தவள் முதல்தடவையாக நீ என்றாள்.

"அடிக்காதை எண்டுதானே நான் கேட்டனான்," என்றாள். "என்ரை அண்ணனைச் சாகக் குடுக்கச் சொல்லி ஆர் உன்னைக் கேட்டது? நீ அடிச்ச நேரம் எல்லாம் உனக்குக் கை இருந்தது. பிடிக்கிறதுக்கு மட்டும் இல்லாமல் போச்சோ?"

சுதாகரன் தன் கைகளைப் பார்த்தான். நிலாந்தி போய் றஞ்சனியின் பக்கத்தில் இருந்து, அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். செத்தவீடு முடிந்த பிறகும் அவள் சரவணைக்குத் திரும்பவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தையும் கரம்பொனுக்கே மாற்றிவிட்டாள்.